மேத்யூ ஜான்ஸ்: ஆட்டக்காரரா, காமெடிக்காரரா?

சிட்னிக்கு வேலைக்கு வந்து ஆறு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆபீஸில் மேத்யூ ஜான்ஸ் என்று ஒருவரைப் பற்றியே பேச்சு. டிவியில் பார்த்தால் கதை சொல்கிறார், குரல் மாற்றிப் பேசுகிறார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பழைய ரக்பி லீக் ஆட்டக்காரர் என்கிறார்கள். நிஜமாகவே நன்றாக ஆடியவரா, இல்லை கொஞ்ச நாள் ஆடிவிட்டுக் காமெடிக்குப் போனவரா? ரெக் ரீகன் என்பது யார்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்து வைக்கிறேன். எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?"

அந்தச் "சிரித்து வைக்கிறேன்" என்ற வார்த்தைக்காகவே நீளமாக எழுதுகிறேன். நானும் பல வருடம் அப்படிச் சிரித்து வைத்தவன்தான்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நன்றாகவே ஆடியவர். 90களில் நியூகாசில் நைட்ஸ் அணியின் ஃபைவ்-எய்ட், அதாவது அணியின் தாக்குதலை நடத்தும் இருவரில் ஒருவர். ஆஸ்திரேலியாவுக்கு 8 டெஸ்ட், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு 4 ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டம் (குயின்ஸ்லாந்து மாநிலத்தோடு வருடாவருடம் மோதும் தொடர்), 1995இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இடம், 1997இல் நைட்ஸோடு சாம்பியன் பட்டம். இதற்குப் பாதி கிடைத்திருந்தாலே போதும், வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு க்ளப்பில் இலவசமாக பீர் குடிக்கலாம்.

ஆனால் அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார். பெயர் ஆண்ட்ரூ ஜான்ஸ். தாக்குதலை நடத்தும் அந்த இருவரில் மற்றவர், ஹாஃப்பேக். இந்த ஆட்டத்தில் "இம்மார்ட்டல்" என்றொரு பட்டம் உண்டு, அதாவது சாகாவரம் பெற்றவர். நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். 2012இல் ஆண்ட்ரூவுக்கு எட்டாவது ஆளாகக் கொடுத்தார்கள். ஒரே வீடு, ஒரே அணி, பக்கத்துப் பக்கத்து இடம், அதில் தம்பி சாகாவரம் பெற்றவர். அண்ணன் என்ன செய்வார்? ஒன்று, உள்ளுக்குள் வெந்து சாக வேண்டும். இல்லையென்றால், அதையே கதையாக்கி ஊரைச் சிரிக்க வைக்க வேண்டும். மேத்யூ சொல்லும் கதைகளில் தம்பி அடிக்கடி வருவது இதனால்தான்.

சரி, இந்த ஆட்டத்தில் மட்டும் எப்படி இத்தனை சிரிப்புக்காரர்கள் கிளம்பி வருகிறார்கள்? கிரிக்கெட்டிலிருந்து வருபவர்கள் கோட் போட்டுக்கொண்டு வர்ணனை செய்வார்கள். லீக்கிலிருந்து வருபவர்கள் விக் வைத்துக்கொண்டு பெண் வேஷம் கட்டுவார்கள். அதற்கு ஆட்டம் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

1895இல் வட இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி, ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து வந்த ஆட்டம் இது. பிரிந்ததற்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள் ஆட்டத்துக்காக லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டிப் பணம் கொடு என்றார்கள். விளையாட்டுக்குப் பணமா, கேவலம் என்றார்கள் தெற்கே இருந்த கனவான்கள். ஆட்டம் இரண்டாகப் பிளந்தது. 1908இல் சிட்னியில் லீக் போட்டிகள் தொடங்கியபோது இங்கேயும் அதே கதை, துறைமுகத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, கசாப்புக் கடைக்காரர் என்று உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். பக்கத்துக்கு 13 பேர். பந்து வைத்திருப்பவனை ஆறு முறை மடக்கி விழுத்தலாம் (இதற்குப் பெயர் டாக்கிள்), ஆறாவதோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவுதான் விதி என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி புரிந்துவிடும். மீதி, நூறு கிலோ ஆட்கள் தலைதெறிக்க ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவர் மோதுவது.

80 நிமிடம் அப்படி மோதப்போகிறவன், அதற்கு முன்னால் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து தத்துவமா பேசுவான்? கலாய்ப்பான். பயத்தை மறைக்கக் கலாய்ப்பான், வலியை மறைக்கக் கலாய்ப்பான், புதிதாக வந்தவன் தாங்குகிறானா என்று பார்க்கக் கலாய்ப்பான்.

இதன் சின்ன வடிவத்தை நானே பட்டிருக்கிறேன். இங்கே வந்த புதிதில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். பத்து மணித் தேநீர் இடைவேளைக்கு அங்கே "ஸ்மோகோ" என்று பெயர். முதல் மூன்று வாரம் அந்த மேசையில் நான் வாயே திறக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் எனக்கு "ரேடியோ" என்று பெயர் வைத்துவிட்டார். உள்ளதற்கு நேர் எதிராகப் பெயர் வைப்பது இந்த ஊர்ப் பழக்கம், சிவப்புத் தலைமுடிக்காரனை "ப்ளூயி" என்பார்கள், அதாவது நீலம். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பக்கத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக அதே கிடங்கில் இருப்பவர். "உது பகிடி, தம்பி. பகிடிவதை வேற. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றார். ராகிங்குக்கு அங்கே பகிடிவதை என்றுதான் சொல்வார்களாம். மறுநாளிலிருந்து அந்த மேசையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. ரேடியோ வரும் வரை அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த மேசையில் வெள்ளிக்கிழமை காலை பேச்சு என்றால் ஒன்றே ஒன்றுதான்: முந்தின நாள் இரவு "ஃபூட்டி ஷோ"வில் என்ன நடந்தது.

சேனல் நைன் 1994இல் ஆரம்பித்த நிகழ்ச்சி அது. வியாழன் இரவு. வார இறுதி ஆட்டங்களுக்கான அணி விவரங்களைச் சொல்ல வேண்டும், அதுதான் சாக்கு. மற்றபடி, உடை மாற்றும் அறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கேமரா முன்னால் வைத்த மாதிரி. நடத்தியவர் பால் வாட்டின். எல்லோரும் கூப்பிடுவது "ஃபேட்டி", குண்டன். மேன்லி அணியை 1987இல் கேப்டனாக இருந்து சாம்பியனாக்கியவர், குயின்ஸ்லாந்துக்கு 22 ஆரிஜின் ஆட்டம் ஆடியவர். அவர் பக்கத்தில் பீட்டர் ஸ்டெர்லிங், பாரமட்டாவின் நான்கு சாம்பியன் பட்டங்களிலும் ஹாஃப்பேக். கூடவே ஸ்டீவ் ரோச், பெரிய உருவம், பால்மெய்ன் அணியின் ப்ராப், அதாவது முன்வரிசையில் மோதும் ஆள். இந்த ரோச் 1990இல் ஒரு ஆட்டத்தில் ரெஃப்ரி வெளியே போகச் சொன்னதும், போகிற போக்கில் அந்தச் சின்ன உருவ ரெஃப்ரியின் தலையில், நல்ல பையன் என்பது போலத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர். அதற்குத் தண்டனையும் வாங்கினார். டிவிக்கு ஆள் எடுக்க இதைவிட நல்ல ஆடிஷன் கிடைக்குமா?

வாட்டினின் காமெடிக்கு ஒரு லட்சணம் உண்டு. அடி பெரும்பாலும் அவர் மேல்தான் விழும். ஜோக் சொதப்பும், பெயரைத் தப்பாகப் படிப்பார், ஸ்டெர்லிங் பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பார், அரங்கம் சிரிக்கும். புத்திசாலி ஒருவர் முட்டாள் போல நடிக்கிறாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று கடைசி வரை தெரியாது. 1995இல் அது கொஞ்சம் தெரிந்தது.

அந்த வருடம் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் "சூப்பர் லீக்" என்று போட்டி லீக் ஒன்றைத் தொடங்க ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது. சூப்பர் லீகில் கையெழுத்திட்டவர்களை ஆரிஜினில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். குயின்ஸ்லாந்தின் நட்சத்திரங்கள் பெரும்பாலோர் அந்தப் பக்கம். மிச்சமிருந்தவர்களுக்குப் பயிற்சியாளராக யாரைப் போட்டார்கள்? டிவியில் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்த வாட்டினை. அணிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயரே முகவரி இல்லாதவர்கள் என்ற அர்த்தத்தில்தான். பென் இக்கின் என்ற 18 வயதுப் பையன் முகாமுக்கு வந்து நின்றபோது, ஆட்டோகிராஃப் வாங்க வந்த ரசிகன் என்று நினைத்து வாட்டின் அவனைத் துரத்தப் பார்த்த கதை இன்னும் ஓடுகிறது. முதல் ஆட்டம் 2–0. ஒரு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) கூடக் கிடையாது, ஒரே ஒரு பெனால்டி. அடுத்த இரண்டையும் ஜெயித்து 3–0 என்று தொடரையே சுருட்டினார்கள். தோற்ற நியூ சவுத் வேல்ஸ் அணியில் ஜான்ஸ் சகோதரர்கள் இருவரும் இருந்தார்கள். அடுத்த வருடம் வாட்டினின் குயின்ஸ்லாந்து அதே 3–0 கணக்கில் உதை வாங்கியது. அதையும் வைத்து அவர் ஜோக் அடித்தார்.

இப்போது ஜான்ஸுக்கு வருகிறேன்.

சிட்னிக்கு வடக்கே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் ஹன்டர் பள்ளத்தாக்கு. அதில் செஸ்னாக் என்று ஒரு நிலக்கரி ஊர். இன்று அங்கே திராட்சைத் தோட்டமும் ஒயின் ருசி பார்க்க வரும் கூட்டமும் இருக்கிறது. ஜான்ஸ் சகோதரர்கள் வளர்ந்த காலத்தில் அது சுரங்கத் தொழிலாளிகளின் ஊர், அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. பக்கத்தில் நியூகாசில் நகரம், பிஎச்பி எஃகு ஆலை. நைட்ஸ் அணி 1988இல்தான் பெரிய லீகில் சேர்ந்தது. அடுத்த வருடக் கடைசியில் பூகம்பம் வந்து 13 பேர் இறந்தார்கள். 1997 ஏப்ரலில், எஃகு ஆலையை மூடப்போகிறோம் என்று பிஎச்பி அறிவித்தது. 1915இலிருந்து ஓடிய ஆலை. ஊரே செத்த வீடு மாதிரி இருந்த வருடம் அது.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் நைட்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே மேன்லி, கடற்கரைப் பணக்காரப் பேட்டை அணி. வரிசையாகப் பல ஆட்டங்களில் நைட்ஸை மேன்லி தோற்கடித்திருந்தது. ஆண்ட்ரூவுக்கு நுரையீரலில் ஓட்டை, விலா எலும்பு முறிவு, இருந்தும் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறார். 16–16. ஒரு நிமிடம் கூட மிச்சமில்லை. எல்லோரும் நடுவில் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்ட்ரூ ஆள் குறைவாக இருந்த ஓரப் பக்கம் ஓடி பந்தை டேரன் ஆல்பர்ட் கையில் கொடுத்தார். ட்ரை. 22–16. நியூகாசிலில் அன்றிரவு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஃபைவ்-எய்ட் என்ற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பந்து கைக்கு வரும்போதே இரண்டு மூன்று பேர் அவரை இடித்துத் தள்ள ஓடி வந்துகொண்டிருப்பார்கள். முன்கூட்டியே பந்தை விட்டுவிட்டால் எதிரணிக்கு எல்லாம் தெரிந்துவிடும். நம்மை இடிக்கப்போகிறான், வந்துவிட்டான், இன்னும் அரை அடி, அப்போதுதான் விட வேண்டும். மேத்யூ கதை சொல்வதைக் கவனித்துப் பாருங்கள். அதையேதான் செய்கிறார். கதையைத் தொங்கவிட்டபடியே நடப்பார், நடுவில் ஒரு கோச் குரல், ஒரு டாக்டர் குரல், இங்கிலாந்துக்காரன் ஒருவன் குரல். பக்கத்தில் இருப்பவர்கள் முந்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் முகம் மட்டும் அசையாது. கடைசி வார்த்தை இன்னும் கையில் இருக்கிறது.

2001இல் இங்கிலாந்தின் விகன் அணிக்குப் போனார், 2002இல் திரும்பி வந்து சிட்னியின் க்ரோனல்லாவுக்கு ஆடினார், கழுத்துக் காயத்தோடு ஆட்டம் முடிந்தது. ஃபூட்டி ஷோவில் சேர்ந்தார். அங்கேதான் ரெக் ரீகன் முழு உருவம் எடுத்தார்.

ரெக் ரீகன் என்று நிஜத்தில் யாரும் இல்லை. மேத்யூ ஜான்ஸ் போட்ட வேஷம். அடர்ந்த மீசை, பின்கழுத்தில் தொங்கும் முடி, கையில் பீர். தன் காலத்தில் தான்தான் மிகப் பெரிய ஆட்டக்காரன் என்று நம்பும் ஒரு பழைய லீக் ஆள். இப்போது ஆடுபவர்கள் எல்லாம் பொம்மைகள், ரெஃப்ரிகள் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள், தலைக்கு எண்ணெய் தடவும் பையன்கள் கையில் ஆட்டம் போய்விட்டது, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து "பிஃப்" திரும்ப வருவதுதான். பிஃப் என்றால் மைதானத்தில் நடக்கும் குத்துச்சண்டை, பழைய நாட்களில் ஆட்டத்தின் பாதி அதுதான். நம் ஊர் டீக்கடை பெஞ்சில் "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்கும் ஒரு பெரியவர் இருப்பாரே, அவருக்கு மீசையும் பீரும் கொடுத்து, நாலு கெட்ட வார்த்தையும் சேர்த்தால் ரெக்.

ஏன் அவ்வளவு சிரிப்பு? ஆள் அச்சு அசல் என்பதால். செஸ்னாக்கிலோ குர்ரி குர்ரியிலோ எந்த க்ளப்புக்குப் போனாலும் பார் ஓரத்தில் ஒரு ரெக் உட்கார்ந்திருப்பார். சுரங்கம் மூடிவிட்டது, ஆலை மூடிவிட்டது, முழங்கால் போய்விட்டது, மிச்சம் இருப்பது 1970களில் ஒருவனைக் குத்திய கதைதான். ஜான்ஸ் அந்த ஆளை வெளியிலிருந்து பார்த்துக் கேலி செய்யவில்லை. அந்த ஆட்கள் மத்தியில் வளர்ந்தவர், அவர்கள் பேசும் தாளம் அவர் நாக்கிலேயே இருக்கிறது. அதனால்தான் செஸ்னாக்காரர்களே ரெக்கைப் பார்த்துக் கோபப்படாமல் சிரித்தார்கள். என்னைக் கேட்டால் ஆஸ்திரேலிய விளையாட்டுக் காமெடியில் இதற்கு இணையாக இன்னொரு வேஷம் வரவில்லை.

வேஷம் எவ்வளவு பெரிதானது என்றால், பிஃப்பைத் திரும்பக் கொண்டு வா என்ற வாசகம் அச்சடித்த டி-ஷர்ட்கள் விற்றன, 2004இல் ஒரு பழைய ராக் பாட்டைக் கேலியாக மாற்றி ரெக் பாடிய இசைத்தட்டே வந்தது. இங்கேதான் எனக்கு ஒரு குறுகுறுப்பு. டி-ஷர்ட் வாங்கியவர்களில் எத்தனை பேர் ரெக்கைப் பார்த்துச் சிரித்தார்கள், எத்தனை பேர் ரெக் சொல்வது சரிதான் என்று வாங்கினார்கள்? எங்கள் கிடங்கில் இரண்டு பேர் அதைப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருவருக்கு அது ஜோக், இன்னொருவருக்குக் கொள்கை. ஒரே சட்டை.

பிஃப் கடைசியில் திரும்ப வரவில்லை, போய்விட்டது. 2013 ஆரிஜின் முதல் ஆட்டத்தில் பால் காலன் நேட் மைல்ஸ் முகத்தில் விட்ட குத்துகளை நாடே டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகு கை நீட்டிக் குத்தினால் பத்து நிமிடம் வெளியே என்று விதி வந்தது. இப்போது கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நிற்பதோடு சரி.

2009க்கு வராமல் ஜான்ஸைப் பற்றி எழுதினால் அது முழுப் பதில் ஆகாது. ஆபீஸில் யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினால் அது இதைப் பற்றியதாக இருக்கும். அந்த வருடம் மே மாதம் ஏபிசி தொலைக்காட்சியின் "ஃபோர் கார்னர்ஸ்" நிகழ்ச்சி, லீக் ஆட்டக்காரர்கள் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் பற்றி ஒரு பகுதி ஒளிபரப்பியது. 2002இல் க்ரோனல்லா அணி நியூசிலாந்தின் க்ரைஸ்ட்சர்ச் நகரத்துக்குப் போயிருந்தபோது, ஹோட்டல் அறையில் 19 வயதுப் பெண் ஒருவருடன் ஆட்டக்காரர்கள் பலர் உறவு கொண்ட சம்பவம் அதில் வந்தது. போலீஸ் அப்போதே விசாரித்தது, யார் மீதும் வழக்குப் போடவில்லை. ஆனால் அதன் பிறகு தன் வாழ்க்கை எப்படிச் சிதைந்தது என்று அந்தப் பெண் சொன்னதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் பெரிதாக வெளியே வந்த பெயர் ஜான்ஸுடையது. அவர் ஃபூட்டி ஷோவிலேயே தன் குடும்பத்துக்கு நேர்ந்த சங்கடத்துக்காக மன்னிப்புக் கேட்டார். குடும்பத்திடம் சரி, அந்தப் பெண்ணிடம்? என்று பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. சேனல் நைன் அவரை நிறுத்தியது. அவர் அப்போது உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்த மெல்போர்ன் ஸ்டார்ம் அணியும் நிறுத்தியது.

அணியில் எல்லோரும் ஒன்று, உள்ளே நடப்பது வெளியே போகாது. அந்தக் கட்டுதான் அத்தனை நல்ல கதைகளையும் கொடுத்தது. அந்த அறையில் அந்தப் பெண்ணுக்காக ஒருவரும் எழுந்து நிற்காததற்கும் அதே கட்டுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ரெக்கைப் பார்த்து இன்றும் சிரிக்கிறேன், இதையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறேன்.

அடுத்த வருடமே சேனல் செவன் அவர் பெயரில் ஒரு நிகழ்ச்சி கொடுத்தது, அதே வியாழன் இரவு, ஃபூட்டி ஷோவுக்கு நேர் எதிரே. ஒரு சீசன் ஓடியது. அப்புறம் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ், முதலில் திங்கள் இரவு, பிறகு ஞாயிறு இரவு. ட்ரிபிள் எம் வானொலியில் பல வருடம் காலை நிகழ்ச்சி. பழைய வேஷங்கள் குறைந்து, உட்கார்ந்து கதை சொல்வது கூடியிருக்கிறது. எனக்கு இந்த ஜான்ஸைத்தான் அதிகம் பிடிக்கும். ஆட்டத்தை அவர் விளக்கும்போது ஒரு ட்ரை எப்படி நான்கு டாக்கிளுக்கு முன்னாலேயே தொடங்கியது என்று எனக்கே புரிகிறது. ஃபூட்டி ஷோ 2017 கடைசியில் வாட்டினை வெளியே அனுப்பியது, அவர் இல்லாமல் ஒரு வருடம் தடுமாறி 2018இல் நின்றது. பின்னாலேயே வந்தவர்களில் போ ரையனை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ரியாலிட்டி ஷோ நடத்துபவர். வெஸ்ட்ஸ் டைகர்ஸில் விங்கராக, அதாவது மைதான ஓரத்தில் ஆடி, க்ரோனல்லா போய், அவரும் கழுத்துக் காயத்தோடு வெளியே வந்தவர். அவர் பெரிய கதைசொல்லி இல்லை, வாய் மூடாத சேட்டைக்காரர். விங்கருக்குப் பந்து அபூர்வமாகத்தான் வரும், கூட்டத்தோடு வம்பளக்க நேரம் நிறைய.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரியோ ஃபெனெக். மால்ட்டாவில் பிறந்தவர், சவுத் சிட்னி அணியின் கேப்டன், முன்வரிசையில் ஹூக்கர். பட்டப்பெயர் "மால்டீஸ் ஃபால்கன்". ஒரு ஆட்டத்தில் அவர் கவனிக்காத நேரத்தில் பந்து வந்து அவர் தலையில் மோதித் தெறித்தது. ஃபூட்டி ஷோ அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டது. போட்டுப் போட்டு, யார் தலையில் பந்து பட்டாலும் அதற்கு "ஃபால்கன்" என்றே பெயராகிவிட்டது. வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள், பார்க்கில் விளையாடும் எட்டு வயதுக் குழந்தைகள் கத்துகிறார்கள். ஃபெனெக்கே அந்த நிகழ்ச்சிக்கு அடிக்கடி வருவார். அவரை வைத்து விதவிதமாகக் குறும்பு செய்வார்கள், அவர் கோபப்படுவார், கோபம்தான் ஜோக். பிறகு அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர். நாங்களும் வெள்ளிக்கிழமை காலை மேசையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

2022இல், 60 வயதில், அவருக்கு மறதி நோய் வந்திருப்பதைக் குடும்பம் வெளியே சொன்னது. இத்தனை வருட மோதல்கள் மூளையில் செய்த வேலை. வீட்டுக் கல்யாணம், பழைய ஆட்டங்கள் எதுவானாலும் இப்படிப்பட்ட நோயில் நழுவிப் போகக்கூடியவைதான். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று யாழ்ப்பாணத்து அண்ணன் எனக்கு ஃபோன் செய்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்கள் சிரிச்சது பகிடிக்கோ, மற்றதுக்கோ எண்டு இப்ப யோசிக்கிறன், ரேடியோ" என்றார். நான் என்ன சொல்வது? அப்போது யாருக்கும் தெரியாது என்றேன். பாதி உண்மைதான். தலையில் அடிபட்டால் ஆபத்து என்று தெரியாமலா இருந்தது?

வார இறுதியில் மைதானத்துக்குப் போனால் இப்போதும் "ஃபால்கன்!" என்று கூட்டம் கத்தும். நானும் பழக்கத்தில் வாயைத் திறந்துவிடுகிறேன்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் என்று கேட்டீர்கள். முதலில் 1997 இறுதி ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் பாருங்கள், தேடினால் உடனே கிடைக்கும். அது தெரியாமல் நியூகாசில்காரர் யாரோடும் பேச முடியாது. அப்புறம் ரெக் ரீகன், எடுத்ததும் நீளமாக வேண்டாம், ஒன்றிரண்டு துண்டுகள் போதும். உச்சரிப்பு பிடிபட ஒரு வாரம் ஆகும். அதன் பிறகு ஞாயிறு இரவு நிகழ்ச்சியில் ஜான்ஸ் ஒரு கதையைத் தொடங்கும்போது மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். திங்கட்கிழமை ஆபீஸில் சிரிக்க வேண்டிய இடம் தானாகத் தெரிந்துவிடும். ஒருவேளை உங்களுக்கு இதற்குள் ஏதாவது பட்டப்பெயர் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள், என்ன அர்த்தம் என்று பார்த்துச் சொல்கிறேன்.